பனி: இல்லை

கனடாவில் ஒரு நாற்சந்தி இருக்கிறது. அந்த ஊருக்கு நான் போனதில்லை, போகப்போவதும் இல்லை. ஆனாலும் அந்த நாற்சந்தி எனக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டைவிட நன்றாகத் தெரியும். இடது பக்கம் மருந்துக்கடை. வலது பக்கம் கண்ணாடித் தடுப்பு வைத்த பஸ் நிறுத்தம். அதையொட்டி ஒரு விளக்குக் கம்பம், தலை கொஞ்சம் கோணல். போக்குவரத்தைக் கவனிக்க அந்த ஊர் நகராட்சி வைத்த கேமராவில் நிமிடத்துக்கு ஒரு படம் மாறும். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து இரண்டாவது தெருவில் என் மகன் ரயான் குடியிருக்கிறான்.

என் பெயர் அமானுல்லா. அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்துநான்கு வருடம் கழித்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். என் மேஜைக்கு வரும் வரைவில் ன, ண மாறியிருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். 'மனமகன்' என்று தட்டச்சு செய்து கொண்டுவந்த பூங்கொடி என்ற பெண்ணை, "மனம் மட்டும் இருந்தா எப்படிம்மா கல்யாணம் நடக்கும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு அழவைத்திருக்கிறேன். அந்தப் பேனா இன்றைக்கும் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டில் ஒருநாளும் நான் 'ஆபீஸ் போறேன்' என்று சொன்னதில்லை. 'பணிக்குப் போகிறேன்' என்றுதான் சொல்வேன். பிள்ளைகள் இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் அதை அப்படியே சொல்லிக்காட்டிச் சிரிக்கும். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தபோது என் மனைவி ராபியா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் முழுக்க சிரிப்பு.

"ரயான் மெசேஜ் போட்டுகீறான்!"

"என்னவாம்?"

"பனி ஆரம்பிச்சதும் பேசுறானாம். கவலப்படாதன்னு போட்டுகீறான்."

ஆகஸ்டிலிருந்து அவன் எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் மணி அடித்து ஓயும். நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அவன் அக்கா ருக்ஸாருக்கு மட்டும் வாரம் ஒருமுறை கட்டைவிரல் படம் அனுப்புவான். உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஏன் பேசவில்லை என்று ராபியா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆகஸ்டில் நான் அவனிடம் ஒருமுறை கொஞ்சம் சத்தமாகப் பேசியது உண்மைதான். அன்றைக்கு ராபியா நாவலூரில் மகள் வீட்டில் இருந்தாள். அதை அவளிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பனி என்றதும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் படிக்கப்போன முதல் வருடம் முதல் பனி விழுந்த அன்றைக்கு வீடியோவில் கூப்பிட்டான். "அத்தா, ஸ்னோ! ஸ்னோ பாருங்க!" என்று குதித்தான். கையில் அள்ளிக் காட்டினான். ராபியா இங்கே போன் திரையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் வருடமும் அப்படியே. மூன்றாம் வருடமும் கூப்பிடப்போகிறான், அவ்வளவுதானே. பனி விழும் வரை காத்திருப்பதொன்றும் பெரிய காரியமாக எங்களுக்குத் தெரியவில்லை.

ருக்ஸார்தான் அந்தக் கேமராவைத் தேடிப்பிடித்து ராபியாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். அக்டோபர் முதல் தேதி ஆரம்பித்தோம். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே மாலை நாலரை. டீயை வைத்துக்கொண்டு உட்காருவோம். நான் ஒரு நீளநோட்டில் கட்டம் போட்டுப் பதிவேடு தயார் செய்தேன். தேதி, வெப்பநிலை, பனி, குறிப்பு என்று நான்கு கட்டம். ராபியா பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனாலும் புத்தி போவாது" என்றாள். மறுநாள் நான் மறந்தபோது அவளே நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

முதலில் நாங்கள் வானத்தைப் பார்த்தோம். அது எப்போதும் சாம்பல் நிறம்தான். எதிர்வீட்டு சந்திரம்மாதான் சரியான வழியைச் சொன்னார். அவர் மகள் அமெரிக்காவில் இருந்தாள், இரண்டு குளிர்காலம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தவர்.

"வானத்த இன்னாத்துக்குப் பாக்குற ராபியாம்மா? லைட்டு கம்பத்தப் பாரு. மொதல்ல அந்த வெளிச்சத்துலதான் பூச்சி பறக்கற மாதிரி தெரியும். அப்பறம் கம்பத்துக்கு அடியில தரை வெளுக்கும்."

அன்றிலிருந்து எங்களுக்குக் கோணல் கம்பம்தான். தலையில் பறக்கிறதா, அடியில் வெளுத்திருக்கிறதா. இந்த இரண்டு கேள்விக்கும் இல்லை என்றால் பதிவேட்டில் இல்லை. சில நாள் யாராவது கம்பத்துக்கு அடியில் நின்று தரையை மறைத்துவிடுவார்கள். ராபியா, "யாரோ நிக்கிறாங்க பாவம், குளுருல" என்பாள். "அவங்க நகரட்டும், நீ விளக்கைப் பாரு" என்பேன். குறிப்புக் கட்டத்தில் 'ஆள் மறைப்பு' என்று, கண்ணில் பட்ட அடையாளத்தையும் சேர்த்து எழுதுவேன்.

இப்படியே ராபியாவுக்குப் பைத்தியம் பிடித்தது. எனக்கும் பிடித்திருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். படம் பார்க்கும் நேரத்தில் மின்விசிறியைப் போடமாட்டாள். புழுக்கத்தில் என் முதுகில் வியர்வை ஒழுகும், அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவாள். கீரைக்காரியிடம், "இன்னிக்கு அங்க நாலு டிகிரி, இன்னும் எறங்கணும்" என்பாள். கீரைக்காரி எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போவாள். காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் நடக்கப்போனால் தண்ணீர்மேல் மூட்டமாக இருக்கும். "இங்க வந்துட்டுது பாருங்க. அங்கதான் வரல" என்று பெருமூச்சு விடுவாள். அது வேறு பனி, இது வேறு பனி என்று விளக்கினேன். "ரெண்டுக்கும் ஒரே பேருதானே?" என்றாள்.

கேமராப் படத்துக்குக் கீழே அந்த ஊர்க்காரர்கள் ஏதாவது எழுதிவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ருக்ஸார் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவாள். எங்களைவிட மோசமான ஆட்கள் அங்கே இருந்தார்கள். ஒருவர் நாற்பது வருடமாக முதல் பனி எந்தத் தேதியில் விழும் என்று நண்பனோடு பந்தயம் கட்டுகிறவர். ஒரு கிழவி விடியற்காலையில் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஜன்னலில் நின்று இந்தக் கோணல் கம்பத்தையே பார்ப்பவள். பனி விழுந்தால் பள்ளிக்கூடம் லீவு என்பதால் அங்குள்ள பிள்ளைகள் தலையணைக்கு அடியில் ஸ்பூன் வைத்துக்கொண்டு படுப்பார்களாம். இரவு உடுப்பை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொள்வார்களாம். ஐஸ் கட்டிகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்களாம்.

"கூத்தா கீது" என்று ராபியா சிரித்தாள். அந்தக் கிழவியைப்பற்றி மட்டும், "அவளுக்கும் யாரோ வரணும்போல" என்றாள்.

மறுநாள் காலை படுக்கையைத் தட்டும்போது அவள் தலையணைக்கு அடியிலிருந்து பாயசம் சாப்பிடுகிற ஸ்பூன் கீழே விழுந்தது. நைட்டியின் தையல் வெளியே தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முந்தின நாள் ஃபிரிட்ஜில் ஐஸ் டிரே எப்படிக் காலியானது என்று அவளும் கேட்டிருப்பாள்.

நவம்பரில் அவர்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். எங்கள் டீயும் ஐந்தரைக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் முழுக்க இல்லை. நவம்பர் பதினெட்டு வரையிலும் இல்லை. நாற்பத்தொன்பது நாள், நாற்பத்தொன்பது இல்லை, எல்லாம் என் கையெழுத்தில்.

பத்தொன்பதாம் தேதி ஐந்து நாற்பதுக்கு விளக்கைச் சுற்றி ஏதோ சிதறியது. அடுத்த நிமிடப் படத்தில் இன்னும் நிறைய.

"பூச்சி! பூச்சி!" என்று ராபியா கத்தினாள். "இன்னாங்க, பூச்சி பறக்குது!"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கம்பத்தின் அடியும் வெளுத்துவிட்டது. ராபியா அழுதாள். நோட்டில் 'உண்டு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அவள் ஓடிப்போய் முகம் கழுவி, வேறு தலைத்துணி போட்டுக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார்ந்தாள், வீடியோவில் கூப்பிடுவான் என்று. என்னையும் பனியனோடு இருக்காமல் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

ஒன்பது மணிக்குச் சட்டையைக் கழற்றினேன்.

"எழுந்துருக்க மாட்டான்" என்றாள் அன்றைக்கு. "லேசாத்தானே வுழுந்துது, அத்தப் பனின்னு சேத்துக்க மாட்டான்" என்றாள் மறுநாள். நான்காம் நாள் அந்த ஊரே வெள்ளையாகிவிட்டது. மருந்துக்கடைப் பலகை தெரியவில்லை. "இதுக்குமேல இன்னா வேணுமாம் அவனுக்கு?" என்றாள். அதற்குப் பிறகு எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டாள். டீயும் குடிப்பதில்லை, ஆடை படிந்துபோகும். கூப்பிட்டால் மணி மட்டும் அடித்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதவன் எங்கே போய் உருப்படுவான் என்று திட்டினேன். ராபியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. அம்மா இளைத்துப்போய்விட்டாள் என்று ருக்ஸார் எங்களைக் காரில் ஏற்றி மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். மழைமேகம் இறங்கியிருந்தது. கூட்டம் இல்லை. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ரமலான் பிறை பார்க்க இங்கேதான் வருவோம். எட்டு வயதில் ரயான் ஒருமுறை எல்லாருக்கும் முன்னால், "நான் பாத்துட்டேன்!" என்று கூவினான். "எங்கே? காட்டு. சாட்சி யாரு?" என்று கேட்டேன். காட்டத் தெரியாமல் அழுதான். ஐந்து நிமிடம் கழித்து அவன் சொன்ன இடத்திலேயே பிறை தெரிந்தது. அப்போதும் நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தரை ஆனதும் ராபியா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். நான் நோட்டை எடுத்தேன். எங்கே போனாலும் அது கூடவே வரும். ஈரமணலில் உட்கார்ந்து கனடாப் பனியைப் பார்த்தோம். சுண்டல் விற்கிறவன் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"எம்மாம் கொட்டிக்கீது பாருடி" என்றாள் ராபியா மகளிடம். "பனி ஆரம்பிச்சதும் பேசுறேன்னான். பதினோரு நாளாச்சு."

ருக்ஸார் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவன் பனின்னா சொன்னான்? அவன் என்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கான்? ஸ்னோன்னுதானே சொல்லுவான்?"

"போட்டுகீறானேடி. நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

"கொடு" என்றேன்.

அந்த மெசேஜை நான் பார்த்ததே இல்லை. மூலத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவன், இரண்டரை மாதமாக ராபியா வாயால் சொன்னதை வைத்துப் பதிவேடு எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளையும்போல அவனும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்திருந்தான். பி, ஏ, என், ஐ. அதில் றன்னகர 'ன'வும் இல்லை, டண்ணகர 'ண'வும் இல்லை. ஒரே ஒரு 'என்', அவ்வளவுதான். ராபியா வாசித்தபோதுதான் அது பனி ஆனது. அவன் எழுதியது பணி.

பணி ஆரம்பித்ததும் பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒரே ஒருத்தனுடையது. அவன் வேலை என்று எழுதியிருக்கலாம், ஜாப் என்று எழுதியிருக்கலாம். என் வார்த்தையை எடுத்து எழுதியிருக்கிறான், அம்மா வாசித்துக் காட்டுவாள், அத்தாவுக்குப் புரியும் என்று. எனக்குப் புரியவில்லை. சட்டைப்பையில் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டிருந்த எனக்குப் புரியவில்லை.

"இன்னாங்க, இன்னா போட்டுகீறான்?" என்றாள் ராபியா.

சொன்னேன். ஆகஸ்டில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். படிப்பு முடிந்து நான்கு மாதமாக அவனுக்கு எந்த இடமும் அமையவில்லை. பள்ளிவாசலில் ஆளாளுக்கு, "பையன் எங்க பாய் வேலை பாக்குறான்?" என்று கேட்டார்கள். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் அவன் கூப்பிட்டான். அன்றைக்கு அவன் குரல் சரியில்லை, தூங்கி நாளாயிற்று என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். நான் கேட்கவில்லை. "பணியில சேர்ற வரைக்கும் இந்த வீட்டுக்குப் போன் பண்ணாத. பணி ஆரம்பிச்சதும் பேசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ராபியா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவனும் எங்கிட்ட சொல்லல. நீங்களும் சொல்லல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஸ்பூன வெச்சிகினு படுத்துகினு இருந்தேன்."

ருக்ஸார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் போனை எடுத்தேன். அவனுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், அதனால் நானும் ஆங்கில எழுத்தில் அடித்தேன். வாழ்க்கையில் முதல்முறை. 'பணி வேண்டாம். பேசு.' ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்த நேரமாயிற்று. பி, ஏ, என், ஐ. இப்போது அவன் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு இரண்டு கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமானது. அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. மூன்று பேரும் அந்தப் போன்மேல் கவிழ்ந்துகிடந்தோம். தூறல் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

மூன்றே வார்த்தை வந்தது. 'இன்னும் இல்ல அத்தா.'

உடனே கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. ராபியா கூப்பிட்டாள். ருக்ஸார் கூப்பிட்டாள். நான் போட்ட பூட்டை நானே திறந்துவிட்டேன், ஆனால் உள்ளே இருப்பவன் வெளியே வரவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதவன் என்று நான் திட்டினேனே, அவன்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

மழைக்கு ஒதுங்கிக் காரில் ஏறினோம். பின்சீட்டில் நான் பதிவேட்டைத் திறந்தேன். சிவப்புப் பேனாவால் 'பனி' என்ற தலைப்பில் இருந்த ன-வுக்கு வட்டம் போட்டு, மேலே ண என்று எழுதினேன். கீழே நாற்பத்தொன்பது இல்லைகளும் அப்படியே சரியாக நின்றன, ஒன்றையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பதினோரு உண்டுகளை மட்டும் அடித்தேன்.

ராபியா என் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். திருத்தியதை அவள் பார்க்கவில்லை. குறிப்புக் கட்டத்தின்மேல் விரலை வைத்து மெல்ல வாசித்துக்கொண்டே வந்தாள்.

"அக்டோபர் ஒம்போது, ஆள் மறைப்பு. பதினாலு, ஆள் மறைப்பு, கறுப்புக் கோட்டு. பதினஞ்சு, அதே ஆள். இருவத்திரெண்டு, அதே ஆள், நெடுநேரம்." விரல் அங்கேயே நின்றது. "நவம்பர் மூணு, அதே ஆள். பஸ் வந்தும் ஏறல." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "ரயான் வூடு அங்கேர்ந்து ரெண்டாவது தெருதானே. வெளக்கப் பாரு வெளக்கப் பாருன்னீங்களே. அந்த ஆளோட மொகத்த ஒரு தடவையாச்சும் பாத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.